நவம்பர் மாதத்தை வைத்துக் கணக்குப் போடு

அன்புள்ள கார்த்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இழுப்பு இந்த வாரம் மட்டுப்பட்டிருக்கிறது. நீ அனுப்பிய சோலார் கொட்டேஷனை நிதானமாகப் படித்தேன். போனில் சொன்னால் டூட்டி அவசரத்தில் பாதிதான் காதில் விழும். அதனால் எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு தம்பி.

5 கிலோவாட், ஆன்-கிரிட் (ஈ.பி. லைனோடு சேர்ந்து மட்டும் ஓடுவது), பேட்டரி கிடையாது என்று போட்டிருக்கிறார்கள். நீ எதற்காக இதைப் போடச் சொல்கிறாய்? மழைக்காலத்து ராத்திரியில் கரண்ட் போய், அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதானே. இந்த வகை இன்வர்ட்டர், ஈ.பி. கரண்ட் போன அந்த நொடியே தானும் நின்றுவிடும். உச்சி வெயிலிலும் நிற்கும். அது கோளாறு கிடையாது, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். லைனில் கை வைத்திருப்பவன் மேல் நம் வீட்டு பேனலிலிருந்து கரண்ட் திரும்பிப் பாய்ந்துவிடக் கூடாது. கம்பத்தில் ஏறிச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். ஆனால் நமக்கு வேண்டியது ஈ.பி. நின்ற பிறகும் வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் ஹைப்ரிட் இன்வர்ட்டரும், கூடவே ஒரு பேட்டரியும். இதைக் கொட்டேஷன் கொடுத்தவர்கள் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பில்லைக் குறைப்பதற்காக என்றாலும் 5 கிலோவாட் நமக்கு அதிகம். இரண்டு மாதத்துக்கு 230 யூனிட் பக்கம்தான் ஓடுகிறது. அதில் முதல் 100 யூனிட் அரசே தருகிறது. இந்தப் பூம்பாறை மலைக் குளிரில் ஃபேனும் ஏ.சி.யும் யாருக்கு வேண்டும்?

கணக்கை வீட்டுக்குள்ளிருந்து தொடங்க வேண்டும். கரண்ட் போனால் எது எது ஓடியே ஆக வேண்டும் என்று அம்மாவும் நானும் உட்கார்ந்து எழுதினோம். முதலில் நெபுலைசர். 150 வாட். கால் மணி நேரமாக இரண்டு தடவை வைத்தால் 75 வாட்-ஹவர். ஆயிரம் வாட்-ஹவர் சேர்ந்தால்தான் ஒரு யூனிட். அம்மாவின் மூச்சுக்கு ஒரு ராத்திரிக்கு ஆவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதை நினைத்துப் பார். 9 வாட் எல்.இ.டி. ஆறு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 270. டி.வி. மூன்று மணி நேரத்துக்கு 180. உன்னோடு வீடியோவில் பேச வைஃபை பெட்டி ராத்திரி முழுக்க ஓடினால் 140. ஃப்ரிட்ஜ் இந்தக் குளிரில் அதிகம் இழுக்காது, ராத்திரிக்கு 400 வைத்துக்கொள். போன், டார்ச் சார்ஜுக்கு ஒரு 50. எல்லாம் சேர்த்து 1.1 யூனிட். விடிந்த பிறகு மிக்சி, மறுபடி ஃப்ரிட்ஜ், கொஞ்சம் லைட் என்று கூட்டினால் ஒரு முழு நாளுக்கு 2 யூனிட் போதும்.

இதில் யாரும் கூட்டாத ஒன்று உண்டு. இன்வர்ட்டர் சும்மா இருந்தாலும் தனக்கென்று கொஞ்சம் தின்னும். 35 வாட் தின்றால் 24 மணி நேரத்தில் 0.84 யூனிட். பெரிய இன்வர்ட்டர் என்றால் இன்னும் கூடத் தின்னும். இது ஸ்பெக் ஷீட்டில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பார். ஆக நம் கணக்கு நாளொன்றுக்கு 2.8 யூனிட்.

கெய்சரை இந்தப் பக்கமே கொண்டு வராதே. 15 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடேற்ற மூன்றில் இரண்டு பங்கு யூனிட் ஆகிறது. நாலு பேர் குளித்தால் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. ரூம் ஹீட்டரும் அப்படியே. இரண்டையும் ஈ.பி. லைனிலேயே தனியாக விட்டுவிடலாம். கரண்ட் இல்லாத நாளில் விறகு பாய்லர் இருக்கவே இருக்கிறது.

இப்போது பேட்டரி. 12 வோல்ட் 150 ஏ.ஹெச். டியூபுலர் (ஈய-அமில பேட்டரி) ஒன்று 1.8 யூனிட் என்பார்கள். ஆயுள் கெடாமல் இருக்க அதில் பாதிதான் எடுக்கலாம், குளிரில் அதுவும் குறையும். லித்தியம் பாஸ்பேட்டில் 51.2 வோல்ட் 100 ஏ.ஹெச். ஒன்று 5.1 யூனிட். 80 சதம் எடுத்தால் 4.1. அதாவது, வெயிலே எட்டிப் பார்க்காவிட்டாலும் நமக்கு ஒன்றரை நாள் தாங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் மலைமேல் ஏறியபோது லைன்மேல் மரங்கள் சாய்ந்து கிடந்த கோலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மாதிரி நேரத்தில் ஈ.பி. ஆட்களை நெருக்கி என்ன பயன்? மரத்தை அறுத்துத்தான் அவர்கள் வர முடியும். அதற்காகத்தான் ஒன்றரை நாள் கேட்கிறேன். லித்தியத்தை ஜீரோ டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. வெளி ஷெட்டில் வைக்க வேண்டாம், ஹாலை ஒட்டிய உள் அறையில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

பேனலுக்கு வருவோம். 1 கிலோவாட்டுக்கு தினம் 4 யூனிட் என்று கொட்டேஷனில் இருப்பது சமவெளிக் கணக்கு. பிப்ரவரி, மார்ச்சில் இங்கேயும் வரும். பேனல் சூடாகாததால் நன்றாகவே வரும். ஆனால் அக்டோபர், நவம்பரில் நாள் முழுக்க மூடாப்பாகக் கிடந்தால் 1 யூனிட் கிடைத்தால் பெரிது. நான் அந்த 1 யூனிட்டை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். 3 கிலோவாட் போட்டால் மோசமான நாளிலும் 3 யூனிட், நம் தேவை 2.8. சரியாக நிற்கிறது. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்யா கர் மானியமும் 3 கிலோவாட்டில் 78,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். அந்த மானியம் கிடைக்க, ஈ.பி.யோடு இணைத்த அமைப்பாகவும், பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவிலேயே செய்ததாகவும் இருக்க வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது.

எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்றால், தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே திருப்பி. நம் மலையில் காலையில்தான் வானம் தெளிவு, மத்தியானத்துக்கு மேல் மஞ்சு ஏறிவிடும். 1899-ல் கொடைக்கானலில் தொடங்கி, சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வகத்துக்கும் காலை நேரம்தான் முக்கியம். ஆனால் நமக்குக் கிழக்கே பக்கத்துத் தோட்டத்துத் தைல மரங்கள் நிற்கின்றன. 1955-ஆம் வருஷச் சட்டப்படி மலையில் மரத்தை அனுமதி இல்லாமல் தொட முடியாது, தொடவும் வேண்டாம். மாடியின் மேற்கு ஓரத்தில் பேனலை வைத்தால் நிழல் சீக்கிரம் விலகிவிடுகிறது, நின்று பார்த்தேன். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாகக் கோர்த்த மற்றதும் சேர்ந்து இறங்கும். சாய்வு 15 டிகிரியாவது வேண்டும். படுக்கப் போட்டால் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும்.

இனி சொல்வதை இன்ஜினீயரிடம் அப்படியே கேள். 540 வாட் பேனல் ஒன்றுக்குத் திறந்த வோல்ட் (எதற்கும் கரண்ட் கொடுக்காமல் சும்மா இருக்கும்போது வரும் வோல்ட்) 49.5 என்று போட்டிருக்கிறது. அது 25 டிகிரியில். குளிரக் குளிர வோல்ட் ஏறும், டிகிரிக்கு 0.27 சதம் பக்கம். சில இன்வர்ட்டர்கள் சோலார் பக்கம் 150 வோல்ட்தான் தாங்கும். மூன்று பேனலைக் கோர்த்தால் 148.5, காகிதத்தில் சரியாக இருக்கும். மதுரையில் பிரச்சினையும் வராது. இங்கே ஜனவரி விடியலில் 5 டிகிரி. பேனல் சில்லிட்டுக் கிடக்கும்போது முதல் வெயில் அதன்மேல் அடித்தால் 156 தாண்டும், இன்வர்ட்டர் போய்விடும். ஒன்று இரண்டிரண்டாகக் கோர்க்க வேண்டும், இல்லையென்றால் 450, 500 வோல்ட் தாங்குகிற இன்வர்ட்டரை வாங்கி ஆறையும் ஒரே வரிசையாகக் கோர்க்கலாம்.

நம் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைக்கோடி. சாயந்திரம் 170 வோல்ட்டுக்கு இறங்கும். அந்த வோல்ட்டில் ஈ.பி.யை விட்டுப் பேட்டரிக்கு மாறும்படி செட்டிங் வேண்டும். இடிக்கு டி.சி. (பேனல்) பக்கமும் ஏ.சி. (வீட்டு லைன்) பக்கமும், திடீரென்று ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர், தனி எர்த். குழி வெட்டும்போது நான் நின்று பார்த்துக்கொள்கிறேன். மாடியில் ஓடும் வயரெல்லாம் பைப்புக்குள் போக வேண்டும், இல்லையென்றால் குரங்கு கடித்துவிடும்.

ஆக 3 கிலோவாட் பேனல், 3 கிலோவாட் ஹைப்ரிட் இன்வர்ட்டர், 5 யூனிட் லித்தியம். தண்ணீர் மோட்டாரை மட்டும் வெயில் நேரத்தில் போட்டுக்கொள்கிறேன். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும் என்பதால் இன்வர்ட்டரின் சர்ஜ் அளவையும் (ஒரு நொடிக்கு எவ்வளவு தாங்கும் என்பதை) எழுதித் தரச் சொல். மீதிப் பணத்தை உன் பேரிலேயே போட்டு வை. ஈ.பி.யில் விண்ணப்பம் என் பேரில்தான் போக வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். புதுக் கொட்டேஷனோடு இன்வர்ட்டர், பேனல் இரண்டின் ஸ்பெக் ஷீட்டும் எனக்கு வரட்டும். அட்வான்ஸை அதற்கப்புறம் கட்டு.

அன்புடன்,
அப்பா