மாதா கெபியில் மஞ்சள் பை வைத்துச் சென்றவருக்கு

எங்கள் பள்ளியில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், திருநீற்றுப் புதன் முதல் குருத்து ஞாயிறு வரை வகுப்புக்கு ஒரு மண் உண்டியல் வைத்து, மாணவிகள் தின்பண்டத்துக்குச் செலவிடாமல் சேர்க்கும் காசை, வின்சென்ட் தே பவுல் சபையினர் வழியாகத் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமாக அளிப்பது வழக்கம். 1833இல் பாரிசில் தோழர்களுடன் அச்சபையைத் தொடங்கியபோது ஃபிரெடரிக் ஓசானாம் 20 வயது மாணவர்தான். ஏழைகளின் வீடு தேடிச் செல்வதே அவர்களின் முதற்பணியாக இருந்தது என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன்.

இம்முறை உண்டியல்களை உடைத்து எண்ணியபோது மூன்று பிள்ளைகளுக்குப் பணம் போதவில்லை. (முன்கூட்டியே வாக்குக் கொடுத்தது என் தவறு.) மறுநாள் காலை, மாதா சிலை இருக்கும் குகை போன்ற கெபியின் படியில் உங்கள் பை இருந்தது. உள்ளே பத்தும் இருபதுமாக, நூறு நூறாக அடுக்கி ரப்பர் வளையம் போட்ட தாள்கள். நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ‘அந்த மூணு பிள்ளைகளுக்கு’ என்ற ஒரே வரி. பணத்தில் மல்லிகை மணந்ததால் பூ விற்பவராக இருக்கலாம் என்றார் அருட்சகோதரி. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று மறைக்கல்வி நடத்தும் நான், மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

மூவரின் கட்டணமும் கட்டியாயிற்று. ரசீது நகல்களை அதே மஞ்சள் பையில் இட்டு, கெபியின் கம்பியில் மாட்டியிருக்கிறேன், அன்புகூர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். தங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.