பட்டாவைத் திறந்தால் விளம்பரம் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இ-சேவை மையத்தில் கூட்டம், சர்வர் டவுன், டோக்கன் கிடைக்கவில்லை என்று உங்கள் பேப்பரில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. எல்லாம் நியாயம்தான். ஆனால் சர்வர் ஒழுங்காக வேலை செய்து, பட்டா கணினிக்குள் வந்து இறங்கிய பிறகும் அதைத் திறந்து பிரிண்ட் எடுப்பதற்குள் ஒரு கூத்து நடக்கிறதே, அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஜனங்கள் மனுவோடு வருவார்கள். பட்டா நகல், வில்லங்கச் சான்று, ஆதார், பிள்ளையின் சாதிச் சான்று, எல்லாமே இன்றைக்கு பிடிஎஃப்தான். பெரும்பாலும் யாரோ ஒரு பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருப்பான். அதைச் சிஸ்டத்தில் இறக்கி இரண்டு தட்டு தட்டினால் திறக்க வேண்டியதுதானே? திறக்காது. முதலில் பிடிஎஃப் திறக்கும் செயலியின் பெயர் போட்ட படம் ஒன்று நடுவில் வந்து நிற்கும். அப்புறம் "புதிய பதிப்பு தயார்" என்று ஒரு பெட்டி, அதை மூடினால் "எங்களையே எல்லாக் கோப்புக்கும் வைத்துக்கொள்கிறீர்களா" என்று அதன் பின்னால் இன்னொன்று. அதையும் மூடினால் வலது பக்கம் ஒரு பட்டை விரிந்து, வேர்டாக மாற்று, கையெழுத்துப் போடு, சந்தா கட்டு, முதல் சில நாள் இலவசம் என்று கடை விரிக்கும். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை போடுவதற்கு முன்னாலேயே மொய் நோட்டை நீட்டுவது போல.

ஒரு திங்கட்கிழமை ஒடுகத்தூர் பக்கத்து ஆயா ஒருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் ரூபாய்க் குறி தெரியுமே. "இன்னாபா, பட்டாவுக்குக் காசு கட்டணும்னு போட்டுக்கீது?" என்று கேட்டார். இல்லை ஆயா, இது கம்பெனிக்காரன் விளம்பரம் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, பிரிண்ட் கைக்கு வரும்வரை முந்தானை முடிச்சை அவிழ்க்கவே இல்லை. இணையத்தில் பட்டா, சிட்டா பார்க்க அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை, இதைச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. சிஎம்சிக்கு வைத்தியத்துக்காக வரும் வங்காளத்துக்காரர்களும் ரிப்போர்ட்டைத் திறக்கும்போது இதே மாதிரிதான் திகைத்து நிற்கிறார்கள்.

இதில் எனக்குப் பெரிய எரிச்சல் நேரம் வீணாவது இல்லை. அந்தப் பெட்டிகளில் "இப்போதே" என்று பெரிய நீலப் பொத்தான் இருக்கும், "பிறகு" என்று சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று இருக்கும், "வேண்டாம்" என்பது இருக்கவே இருக்காது. பிறகு என்று அழுத்தினால் நாளைக்கும் வரும். இதைத் தினமும் பார்க்கிற கடைப் பையன் என்ன செய்வான், படிக்காமலே ஓகே அழுத்தப் பழகிவிடுவான். அந்தப் பழக்கத்தைத்தான் திருடர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். "உங்கள் பிடிஎஃப் ரீடர் பழையது, உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று இணையத்தில் வரும் போலிப் பெட்டியை நம்பி அழுத்தி வைரஸை உள்ளே விட்டுக்கொள்வது பழைய கதை. அசல் பெட்டியும் போலிப் பெட்டியும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தால் பத்தாவது படித்த பையன் எதை வைத்துப் பிரிப்பான்?

சரி, புலம்பல் போதும், செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பல பிடிஎஃப் செயலிகளில் கன்ட்ரோலும் கே எழுத்தும் சேர்த்து அழுத்தினால் பிரிஃபரன்சஸ் என்ற பக்கம் திறக்கும், இல்லாவிட்டால் எடிட் மெனுவிலோ ஃபைல் மெனுவிலோ தேடிப் பிடிக்கலாம். அதில் ஜெனரல் என்ற பிரிவுக்குப் போனால் தொடக்கப் படத்தைக் காட்டு, திறக்கும்போது செய்திகளைக் காட்டு என்ற பொருளில் ஆங்கிலத்தில் கட்டங்கள் இருக்கும். அவற்றில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுத்தால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். லிப்ரே ஆபீஸ் (வேர்டு, எக்செல் மாதிரி ஒரு இலவசத் தொகுப்பு) வைத்திருப்பவர்களுக்கு தினம் ஒரு குறிப்பு என்று ஒரு பெட்டி வருமே, அதை நிறுத்தும் டிக் அந்தப் பெட்டியின் அடியிலேயே இருக்கிறது, ரொம்பப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். "போன வாரமே டிக்கை எடுத்தேன், திரும்ப வந்துவிட்டதே" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். காரணம் ரொம்ப எளிது. இந்த மாதிரி அமைப்புகளை விண்டோஸ் பெரும்பாலும் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாக எழுதி வைக்கிறது. சர்வீஸ்காரர் அட்மின் கணக்கில் நுழைந்து சரிசெய்துவிட்டுப் போவார், கடையில் ஓடுவது வேறு கணக்கு. ஆக, எந்தக் கணக்கில் வேலை செய்கிறோமோ அதில் நுழைந்துதான் டிக்கை எடுக்க வேண்டும். இன்னொன்று, பிரவுசிங் சென்டர்களில் வைரஸுக்குப் பயந்து, மெஷினை ஆஃப் செய்து போட்டதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருளைப் போட்டிருப்பார்கள். அது நீங்கள் எடுத்த டிக்கையும் சேர்த்தே அழித்துவிடும். முதலில் அந்த மென்பொருள் போட்ட பூட்டைத் திறந்து, டிக்கை எடுத்து, மறுபடி பூட்ட வேண்டும். வரிசை மாறினால் காலையில் அதே பல்லவிதான்.

காலையில் சிஸ்டம் போட்டவுடனே, எந்தக் கோப்பும் திறக்காமலே அப்டேட் பெட்டி வருகிறதென்றால் அது வேறு வழியாக வருகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் யார் யார் காலங்காத்தாலே வந்து உட்காருகிறார்கள் என்று பார்த்து, வேண்டாதவரை டிசேபிள் செய்யலாம். ஆனால் அப்டேட்டையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிடிஎஃப் செயலிகளில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுவது வழக்கம், அடைக்காமல் விட்டால் ஆபத்து நமக்குத்தான். கேட்காமலே தானாக அப்டேட் ஆகும்படி வைக்கலாம், அல்லது கடையைச் சாத்துகிற நேரத்தில் நாமே செய்யலாம். வரிசையில் ஆள் நிற்கும்போது வந்து கேட்கக்கூடாது, அவ்வளவுதான். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அந்த மெஷின்களில் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று பெட்டி வரும், அழுத்தினால் இந்த விண்டோஸில் ஏறாது என்று சொல்லும், மறுநாள் மறுபடி கேட்கும். அதற்கு மருந்து வேறு மெஷின்தான்.

இத்தனை மல்லுக்கட்டு எதற்கு என்று கேட்டால், வெறுமனே பார்த்து பிரிண்ட் எடுக்க வேறு வழி இருக்கிறது. பிடிஎஃப் 1993இல் அடோபி கொண்டுவந்தது என்றாலும் 2008இலிருந்து அது ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத் தரம், யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் செயலி எழுதலாம். சுமத்ரா பிடிஎஃப் என்று ஒன்று இருக்கிறது, 2006இலிருந்து வருகிறது, விண்டோஸுக்கு மட்டும், இலவசம், மூலநிரலும் திறந்தது. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டும் பதிப்பும் உண்டு. விளம்பரம் கிடையாது, கோப்பைத் தட்டினால் கோப்புதான் வரும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு ஆக்குலர், எவின்ஸ் இருக்கின்றன. ஒன்றும் நிறுவ விருப்பமில்லை என்றால் ஃபயர்பாக்ஸ் உலாவியே போதும், 2013இலிருந்து அதற்குள்ளேயே பிடிஎஃப் காட்டும் வசதி இருக்கிறது. எதைப் போட்டாலும் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப்ஸ் என்ற இடத்தில் பிடிஎஃப்புக்கு அதைத் தேர்ந்து வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பழைய ஆளே வந்து நிற்பார்.

எல்லா மெசேஜையும் ஒழித்துக்கட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆதார் கோப்பைத் திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்பது நம் பாதுகாப்புக்கு (பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம்). அதே ஆதாரில் கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சளாக ஒரு கேள்விக்குறி வந்தால் ஆதார் போலி என்று அர்த்தமில்லை, அந்தச் செயலி அந்தக் கையொப்பத்துக்கான டிஜிட்டல் சான்றிதழை இன்னும் நம்பத் தொடங்கவில்லை என்றுதான் அர்த்தம். இணையத்திலிருந்து வந்த வேர்டு கோப்புக்கு மேலே வரும் மஞ்சள் பட்டையும் காவலுக்குத்தான், யார் அனுப்பியது என்று தெரியாத கோப்பாக இருந்தால் அதில் உள்ள பொத்தானை அழுத்தவே வேண்டாம். அப்புறம் சில படிவங்கள், கனடா விசாவுக்கானவை மாதிரி, பல உலாவிகளில் திறந்தால் காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைக் காட்டிக்கொண்டே நிற்கும். நெட் ஸ்லோ என்று காலையிலிருந்து காத்திருந்த விஐடி மாணவர் ஒருவர் என் கடைக்கு வந்தார். எவ்வளவு நேரம் காத்தாலும் வராது, அந்த வகைப் படிவம் வேறு, அதற்கு அடோபி ரீடர்தான் வேண்டும். அதனால் கடையில் அதையும் ஒரு மெஷினில் வைத்திருக்கிறேன், அதிலும் மேலே சொன்ன டிக்குகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

கடைக்காரர்கள் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது, விளம்பரத்தைவிட மோசம் அது. பல செயலிகளின் முதல் பக்கத்தில் சமீபத்தில் திறந்த கோப்புகள் என்று ஒரு பட்டியல் வரும், சிலவற்றில் குட்டிப் படத்தோடு. வீட்டில் அது வசதி. கடையில் அது அடுத்தவர் ஆதாரையும் பத்திரத்தையும் ஊருக்குக் காட்டுவது. நான் நல்லது என்று சொன்ன சுமத்ராவிலும் இது உண்டு, ஆனால் அந்தப் பக்கத்திலேயே மறைப்பதற்கு ஒரு இணைப்பு இருக்கிறது. மறைத்தால் மட்டும் போதாது, வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருப்பதையும் அழிக்க வேண்டும். வாடிக்கையாளர்களும் கூச்சப்படாமல் "அண்ணா, என் ஃபைலை அழிச்சிட்டீங்களா" என்று கேட்டுவிட்டுக் கிளம்பலாம், கோபித்துக்கொள்ளும் கடைக்காரரிடம் அடுத்த முறை போகாதீர்கள்.

2019இல் எங்கள் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள், மூன்று ஆட்சியர் அலுவலகம் வந்தது, ரொம்ப நல்லது. அந்த மூன்று இடத்திலும் இ-சேவை மையக் கணினிகளைப் பார்க்க வரும் சர்வீஸ்காரர்கள், மவுசைத் துடைத்து பிரிண்டருக்கு மை ஊற்றும்போதே, ஊழியரின் கணக்கில் நுழைந்து இந்த டிக்குகளையும் எடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நிர்வாகம் ஒரு வரி உத்தரவு போட்டால் போதும், இதற்குத் தனி நிதி ஒன்றும் தேவையில்லை. உங்கள் கணினிப் பகுதியிலும் எந்தக் கட்டத்தில் டிக் எடுப்பது என்று படத்தோடு அரைப்பக்கம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டால் நல்லது, மறுநாள் எங்களுக்குக் கூட்டம்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
சத்துவாச்சாரி, வேலூர்.