ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் சேர்த்துவைத்தவர்களுக்கு

அன்பிற்கினிய நண்பர்களுக்கு,

குடியாத்தத்தில் இருந்து வணக்கம். உங்களில் பெரும்பாலோரின் முகத்தை நான் பார்த்ததில்லை. சிலருக்கு எந்த ஊர் என்பதுகூடத் தெரியாது. ஆனாலும் எங்கள் தெருப் படிப்பகத்தின் கணினியில் தமிழ்ப் புத்தகத் தேடலைச் சரிசெய்ய, மென்பொருள் எழுதும் நீங்கள் செய்த உதவி, வாசலில் வண்டி நின்றதும் ஓடிவந்து அலமாரிகளை இறக்கிவைத்த அக்கம்பக்கத்தாரின் உதவிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. நாலு பேர் அறிய அதைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் ஒரு பெண் வந்தாள். பத்தாம் வகுப்பு எழுதி முடித்தவள். தந்தை லுங்கி நெய்பவர். கைத்தறித் தொழில் பற்றிய புத்தகம் வேண்டும் என்றாள். கணினியைக் காட்டினேன். 'தொழில்' என்று தட்டினாள். ஒன்றுமில்லை என்று வந்தது. அவள் முதுகுக்கு நேர் பின்னால் இருந்த அலமாரியில், 'தொழில்' என்று பெயரிலேயே உள்ள ஏழு புத்தகங்கள் வரிசையாக நின்றன. அவள் திரும்பி அவற்றைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இருக்கிற புத்தகத்தை ஏன் இல்லை என்கிறது, டீச்சர்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் நூல் அட்டவணை கோஹா என்ற கட்டற்ற மென்பொருளில் இருக்கிறது. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்னும் பகுதியின் நூலகங்களுக்காக 1999-இல் எழுதத் தொடங்கி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று உலகெங்கும் உள்ள நூலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. உரிமக் கட்டணம் செலுத்த வழியில்லாத எங்களுக்கு அது இல்லாவிட்டால் அட்டவணையே இல்லை.

அன்று இரவே ஒரு கடிதம் எழுதினேன். 'அவசரம்! தமிழ் வேலை செய்யவில்லை!' என்று தலைப்பிட்டு, கையில் கிடைத்த முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினேன். எந்தப் பதிப்பு என்று குறிப்பிடவில்லை. என்ன தட்டினோம் என்றும் சொல்லவில்லை. கைப்பேசியில் எடுத்த மங்கலான படம் ஒன்றை மட்டும் இணைத்திருந்தேன். கோபம் மட்டும் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை வந்த பதிலில் கடிந்துகொள்ளும் சொல் ஒன்றுகூட இல்லை. எந்தப் பதிப்பு, என்ன தட்டினீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று நான்கே கேள்விகள். கூடவே ஒரு வேண்டுகோள்: தனித்தனியாக எழுதாமல், எல்லோரும் மின்னஞ்சலில் சேர்ந்து பேசும் மடற்குழுவுக்கே எழுதுங்கள், நாளை வேறோர் ஊரில் இதே சிக்கலில் மாட்டிக்கொள்பவருக்கு நம் உரையாடல் கிடைக்கட்டும். அந்த முதல் பதிலை எழுதிய அன்பருக்கு என் முதல் நன்றி. ஒரு கடிதத்தில் ஒரே சிக்கல், சிக்கலைச் சொல்லும் தலைப்பு, பதில் சொல்ல வேண்டிய வரியை மட்டும் விட்டுவைத்து அதற்குக் கீழே பதில் என்பதையெல்லாம் அவர் பாடமாக நடத்தவில்லை. அவர் எழுதிய விதத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் காட்பாடியில் பொறியியல் படிக்கும் தம்பி. அக்னி நட்சத்திர வெயிலில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் பிடித்து வந்தார். திரையில் இரண்டு 'தொ' எழுத்துகளை அருகருகே வைத்தார். என் கண்ணுக்கு எள்ளளவும் வேறுபாடு தெரியவில்லை. ஒன்றின் பின்னால் நின்று அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினார். 'த' மட்டும் மிஞ்சியது. மற்றதன் பின்னால் நின்று அழுத்தினார். துணைக்கால் மட்டும் போய் 'தெ' நின்றது. முதலாவது விசைப்பலகையில் தட்டியது. அதில் ஒகரக் குறி முழுவதும் ஒரே குறியெண், அதாவது கணினி எழுத்தை அறிந்துகொள்ளும் எண். இரண்டாவது எங்கள் அட்டவணையில் இருந்தது. அதில் ஒற்றைக் கொம்பு ஒரு குறியெண், துணைக்கால் இன்னொரு குறியெண். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

எங்கள் பழைய பட்டியல், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது. அச்சுக் கோப்பதைப் போல முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு கால். அதைத் தன்னார்வலர்கள் எழுதிய ஒரு மாற்றியைக் கொண்டு யூனிகோடாக்கினோம். மாற்றி வரிசையைச் சரியாக்கியது. கொம்பையும் காலையும் ஒரே குறியாக ஆக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் பயந்தேன். இரண்டு வடிவங்களும் சமம் என்றே யூனிகோட் விதி சொல்கிறது. ஆகவே எங்கள் மேல் தவறில்லை என்று மாற்றிக்காரர்கள் சொல்லியிருக்கலாம். தரவு சீராக இல்லை, அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று அட்டவணைக்காரர்கள் சொல்லியிருக்கலாம். இரண்டுமே நியாயம்தான். நடுவில் நாங்கள் தாலுகா அலுவலகத்துக்கும் கிராம அலுவலகத்துக்கும் நடக்கிறவர்களைப் போல நடந்திருப்போம்.

அப்படி நடக்கவில்லை. அட்டவணை மென்பொருளில் பங்களிக்கும் ஓர் அம்மையார், தானே மாற்றியின் குழுவுக்கு எழுதினார். எங்களுக்கும் ஒரு படி அனுப்பினார். நாங்கள் பேசிய இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்களை அவர்கள் படிக்க வேண்டியிராதபடி பத்தே வரிகளில் சுருக்கி, சோதிக்க இரண்டு சொற்களை இணைத்து, 'இது உங்கள் பிழை என்று சொல்ல வரவில்லை; இரு பக்கமும் சேர்ந்து பார்த்தால் விரைவில் தீரும்' என்று முடித்திருந்தார். அந்தக் கடிதத்தை அச்செடுத்துப் படிப்பகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒருவர் வீட்டுச் சிக்கலை இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது எப்படிக் கதவைத் தட்ட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரியை நான் பார்த்ததில்லை.

மாற்றியை எழுதியவர் மூன்றாம் நாள் திருத்தத்தை வெளியிட்டார். அட்டவணை மென்பொருளின் தரப்பில், நாங்கள் நிறுவும்போது கவனிக்காமல் விட்ட ஓர் அமைப்பைச் சுட்டிக்காட்டினார்கள். ஐசியூ என்னும் யூனிகோட் நிரல் தொகுப்பின் வழியாகச் சொற்களைச் சுட்டியிட்டு (தேடுவதற்கான பட்டியலாக்கி), இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்ளும்படி அமைக்க உடனிருந்து உதவினார்கள். அனுப்புவதில் கண்டிப்பாக இரு, பெற்றுக்கொள்வதில் தாராளமாக இரு என்று 1980-இல் இணைய முன்னோடி ஜான் போஸ்டல் இணைய நெறிமுறைக்கு எழுதிய விதி ஒன்று உண்டு. 1995-இல் வந்த இணைய நாகரிகக் குறிப்பேடு அதையே கடிதம் எழுதுகிறவர்களுக்கும் சொன்னது. உங்கள் திருத்தங்கள் இரண்டிலும் அந்த விதி இருந்தது. நீங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய விதத்திலும் இருந்தது.

உள்ளூர் நன்றிகளும் உண்டு. இரண்டு இரவுகள் தன் கணினியைத் தந்த பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கு. எந்தத் திருத்தத்தாலும் பிடிக்க முடியாத ஒரு பிழையைக் கண்ணாலேயே பிடித்த மாணவிகள் ஐவருக்கு: 'ஔவையார்' பல பதிவுகளில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக இருந்தது. இவை விதிப்படியே வேறு எழுத்துகள், எந்தச் சுட்டியும் சேர்த்துவைக்காது. ஒவ்வொரு பதிவாகத் திறந்து மாற்றினார்கள். அந்த ஐவரில், 'தொழில்' தேடி வந்த பெண்ணும் ஒருத்தி.

மாற்றியின் திருத்தக் குறிப்பில் 'வழுவைத் தெரிவித்தவர்' என்ற இடத்தில் எங்கள் படிப்பகத்தின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை, நீங்களாகப் போட்டீர்கள். பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. பெற்றவர் திரும்பக் கொடுக்கும் உறவையும் சேர்த்தே சொல்லும் சொல் என்று அறிந்தேன். நாங்கள் கொடுக்கக்கூடியதைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஒகர, ஓகார, ஔகார வரிசை முழுவதற்கும் இரண்டு வடிவங்களிலும் சோதனைச் சொற்கள். ககரம் முதல் மகரம் வரை முடிந்துவிட்டது. மீதியை மாணவிகள் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். வரும் ஞாயிறு இரு குழுக்களுக்கும் ஒரே கடிதமாக, தெளிவான தலைப்போடு வந்து சேரும்.

நன்றியுடன்,
படிப்பகப் பொறுப்பாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்