ஞாயிறு மாலை அரைமணி நேரத்தைத் திருப்பித் தாருங்கள்: பண்பலை நிலைய நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிலைய நிர்வாகத்தினர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உங்கள் அலைவரிசையில் ஒலித்துவந்த வட்டார விளையாட்டு உரையாடல் நிகழ்ச்சி எப்போது, எந்த முறையில் நிறுத்தப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். நேயர்கள் ‘அண்ணாச்சி’ என்றே அழைத்துவந்த அதன் தொகுப்பாளருக்கு, அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்ற தகவல் கைப்பேசியில் ஒற்றை வரியாக வந்தது என்பதும், அந்த அரைமணி நேரத்தில் இப்போது சென்னையில் தயாராகி எல்லா ஊர்களுக்கும் ஒன்றுபோல் அனுப்பப்படும் திரைப்பட நிகழ்ச்சி ஒலிக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. நிறுத்திய நிகழ்ச்சியை மீண்டும் தொடங்குங்கள், அதை அவரிடமே ஒப்படையுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி எங்கள் ஊர்களில் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளின் முடிவுகள் எந்த நாளிதழிலும் வருவதில்லை; வந்தாலும் வென்ற அணியின் பெயரோடு முடிந்துவிடும். அண்ணாச்சி அப்படி முடித்ததில்லை. அணித்தலைவர் தொலைபேசியில் அழைத்தால் முதலில், “தரை எப்படி இருக்கு தம்பி, ஈரமா, காஞ்சிருக்கா?” என்று கேட்பார். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத் தரையில் ஆடி வழுக்கி விழுந்த எத்தனையோ பையன்களைப் பார்த்த மனிதரின் கேள்வி அது. அதன்பிறகு புள்ளிகள், யார் பாடிப் போனது, யார் பிடித்தது எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, தோற்ற அணியின் ஏழு பேர் பெயரையும் சேர்த்தே வாசிப்பார். தன் பெயர் வானொலியில் வந்ததைக் கேட்ட பையன் மறுநாள் காலை பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றதை ஓர் ஆசிரியராக நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெயர் வாசிப்பதோடு அவர் வேலை நின்றுவிடவில்லை. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு இருப்பது எங்கள் பிள்ளைகள் பலருக்கும் தெரியும். எந்தச் சான்றிதழ் அதற்குச் செல்லும் என்பதுதான் தெரியாது. ஊர்ப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்களைத் தகரப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்து, அவற்றில் ஒன்றுகூட அங்கீகரிக்கப்பட்ட சங்கம் நடத்திய போட்டிக்கு உரியதல்ல என்பதை வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில் தெரிந்துகொண்ட இளைஞர்கள் இங்கே ஏராளம். பள்ளி விளையாட்டுக்கு எந்தப் படிவம், பல்கலைக்கழக விளையாட்டுக்கு எந்தப் படிவம், யார் கையொப்பம் வேண்டும் என்பதையெல்லாம் அலுக்காமல் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். முழங்காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுவாரமே ஆட இறங்கும் பையன்களுக்காக எலும்பு மருத்துவர் ஒருவரை அழைத்து வந்து, எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசைநார் கிழிந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று பொறுமையாகச் சொல்ல வைத்தார். அதைக் கேட்டுவிட்டு மகனை மருத்துவமனைக்கு அழைத்துப் போன ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். இந்தப் பணியை சென்னையில் தயாராகும் எந்த நிகழ்ச்சியும் செய்யாது.

இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது வேறொன்று. நிகழ்ச்சி போன பிறகு, ஒரு தனியார் கல்லூரியில் விளையாட்டு வருணனைப் பயிற்சி அளிக்க ஆள் தேவை என்றறிந்து அவர் விண்ணப்பித்தார். அனுபவச் சான்று கேட்டார்கள். 15 ஆண்டுகளுக்கு மேல் உங்கள் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவர் உங்கள் அலுவலகத்திற்கு வந்து, இத்தனை ஆண்டு இங்கே பணி செய்தேன் என்று ஒரு கடிதம் மட்டும் தரும்படி கேட்டார். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பணம் பெற்றவர் பணியாளர் பட்டியலில் வரமாட்டார், ஆகவே கடிதம் தர இயலாது என்று பதில் கிடைத்தது. அன்று வாயிற்காவலர் நீட்டிய பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே ‘பார்வையாளர்’ என்று எழுதிவிட்டுத்தான் அவர் உள்ளே போக வேண்டியிருந்தது. என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. விடுப்பு ஊதியம் இல்லாமல், பயணப்படி இல்லாமல், வீட்டில் சாவு விழுந்த வாரத்திலும் வந்து நிகழ்ச்சியை நடத்திய ஒருவருக்கு ஒரு தாளும் ஒரு முத்திரையும் தர மறுப்பதை எந்த விதி கட்டாயப்படுத்துகிறது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

விளம்பரம் வரவில்லை என்பது நீங்கள் சொல்லும் காரணமாக இருக்கலாம். போட்டி நடத்தும் ஊர்க் குழுக்களிடமும், விளையாட்டுப் பொருள் கடைக்காரர்களிடமும் உங்கள் விளம்பரப் பிரிவினர் எப்போதாவது நேரில் வந்து கேட்டார்களா? தனியார் பண்பலையில் செய்தி வாசிக்க அனுமதி இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் 2011-இல் மத்திய அரசு வெளியிட்ட மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை, விளையாட்டுத் தகவல்களையும் உள்ளூர்ப் போட்டிகளின் நேரடி வருணனையையும் அனுமதிக்கிறது. கிடைத்த அந்த உரிமையைப் பயன்படுத்தி நம் ஊர்க் கபடியை நேரடியாக ஒலிபரப்புவீர்கள் என்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். இருந்த அரைமணி நேரத்தையும் எடுத்துக்கொண்டீர்கள்.

இந்த மண்ணின் விளையாட்டுக்குப் பேச ஒன்றுமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் பழைய நெல்லைச் சீமைக்காரர். 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் ஆடினார். நெல்லையை அடுத்த சங்கர் நகர் மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. கிரிக்கெட்டைத் தமிழில் சுவையாகச் சொல்ல முடியும் என்று வானொலியில் நிறுவியவர்களுள் ஒருவரான அப்துல் ஜப்பார் தம் பெயரோடு சுமந்ததே சாத்தான்குளத்தைத்தான். அப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவே கோபுரம் நட்டு ஒலிபரப்பும் நிலையத்தில், நாளெல்லாம் கேட்டாலும் தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றின் பெயர் காதில் விழுவதில்லை. பேருந்து நிறுத்தம், மழை, விளையாட்டு, வேலைவாய்ப்பு என எதைப் பற்றிய பேச்சானாலும் அது சென்னையைப் பற்றியதாகவே இருக்கிறது. திருநெல்வேலிக்கு என்று உரிமம் பெற்றுவிட்டு, திருநெல்வேலிக்காரர் ஒருவரைக்கூட வாரத்தில் அரைமணி நேரம் பேசவிடாதது நியாயமாகாது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். உங்கள் நிலையத்தின் மீது பகையில்லை. இத்தனை காலம் வீட்டில் ஒருவர்போல அதைக் கேட்டு வந்தவர்களுள் நானும் ஒருவன். ஞாயிறு மாலை நேரம் இயலாது என்றால் வேறு எந்த நாளானாலும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் நிகழ்ச்சி மீண்டும் வர வேண்டும், அண்ணாச்சியே அதை நடத்த வேண்டும். பழைய ஒலிப்பதிவுகள் உங்களிடம் இருந்தால், கணினியில் இடம் போதவில்லை என்று அழித்துவிடாமல், ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களுக்கு வேறெங்கும் பதிவு கிடையாது. இவை குறித்து முடிவெடுக்க உங்கள் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டியிருக்கும், நாளாகும் என்பது புரிகிறது. அனுபவச் சான்றுக்கு அப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. கல்லூரியில் விண்ணப்பத்திற்கான கடைசி நாள் இன்னும் முடியவில்லை. இந்த வாரமே அந்தக் கடிதத்தை அவருக்குக் கொடுத்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நிலையத்தின் நெடுநாள் நேயர்,
உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு),
அம்பாசமுத்திரம் வட்டம்.