பாப்பாவிடம் கணக்கைச் சொல்லிவிடு

மதுரை
ஆடி மாதம்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் பாப்பாவுக்குப் பொறியியல் கலந்தாய்விலேயே கோயம்புத்தூரில் இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தேன். எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷமா, கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை என்று வருத்தமா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நாலு பக்கமும் பணம்தான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மூட்டு வலி இருக்கிறது, நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், நடக்கிறேன். வேலை பார்த்த வங்கிக் கிளைப் பக்கம் போனால் இன்னும் யாராவது பாஸ்புக்கை நீட்டி "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். ஓய்வு பெற்றது அவர்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் நீட்டுகிறார்களா என்று புரியவில்லை. எதுவானாலும் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.

சரி, உன் விஷயம். கிணற்றடி நிலத்தை விற்பதா, வீட்டில் இருக்கிற நகையை வைப்பதா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "பாப்பாவுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம், அவள் படிப்பை மட்டும் பார்க்கட்டும்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய். நிலமும் வேண்டாம், நகையும் வேண்டாம். அடிக்கோடு போட்ட அந்த வரிக்காகத்தான் உன்னோடு சண்டை.

நகையை முதலில் முடித்துவிடுகிறேன். நகைக் கடனைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திருப்பியாக வேண்டும். நாலு வருடப் படிப்புக்கு அதை வைத்தால் வருடா வருடம் வட்டியைக் கட்டி மறுபடி வைக்க வேண்டியதுதான். நூல் விலை ஏறுகிற மாதத்தில் அவசரத்துக்கு உனக்கு இருப்பது அந்த நகை ஒன்றுதான். அதைக் கல்லூரிக்கு வைத்துவிட்டால் தறிக்கு எதை வைப்பாய்?

நீ எழுதிய கணக்குப்படி கல்லூரி, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம். நாலு வருடத்துக்கு 7 லட்சம். இதில் வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சத்தைக் கல்விக் கடனாக வாங்கு. மீதி 75,000, மாதத்துக்கு 6,250 ரூபாய், தறியிலிருந்து வரட்டும். ஏன் 4 லட்சத்தோடு நிறுத்தச் சொல்கிறேன் என்றால், இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அந்தத் தொகை வரை சொத்து அடமானம் கிடையாது, மூன்றாவது ஆள் ஜாமீன் கிடையாது, உன் கைப்பங்கு என்று எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேலே போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நீ போட வேண்டும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். உன் நிலம் இதற்குள் வரவே வேண்டாம்.

இப்போது ஒரு கணக்குப் பார். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். (பல அரசு வங்கிகளில் மாணவிகளுக்கு அரை சதவீதம் குறைப்பார்கள், அதை விட்டுவிடு.) ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 1 லட்சம் கல்லூரிக்குப் போகிறது. படிக்கும்போதும், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைக்கும் தவணை கிடையாது, ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் வருடம் 10,000, அப்புறம் 20,000, 30,000, 40,000, படிப்பு முடிந்த வருடம் இன்னொரு 40,000. ஆக 1,40,000. தவணை தொடங்கும் அன்று அவள் தலையில் 5,40,000 இருக்கும். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 7,100 சொச்சம்.

அந்த 1,40,000 ரூபாயை மத்திய அரசே கட்டுகிற திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உன் இரண்டு தறி வருமானம் அதற்குள்தான் வரும். கல்லூரிக்கு நாக் தரச்சான்றோ, படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும், அதைக் கல்லூரியில் கேட்டுக்கொள். அப்புறம் தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வந்துவிடும். அந்த ஒரு தாளுக்கு இவ்வளவு மதிப்பு! மானியம் வந்துவிட்டால் அடைக்க வேண்டியது வெறும் 4 லட்சம், தவணை 5,300க்குள் நிற்கும். இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில், சான்றிதழைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடு. மானியத்துக்குத் தனியாகக் கோரிக்கை அனுப்பியாயிற்றா என்று ஒவ்வொரு வருடமும் கிளையில் கேள். நடுவில் படிப்பை நிறுத்தினால் மானியம் போய்விடும், அதையும் மனதில் வை. ஒருவேளை கிடைக்காமலே போனால், படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டிவா. முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான்.

விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் போடலாம். ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் போனஃபைடு, கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல்கள், இருவர் ஆதார், பான். அவளுக்கு பான் கார்டு இல்லையென்றால் இன்றே போட்டுவிடு. மேலாளர் கையை விரித்தால் சண்டைக்குப் போகாதே, காரணத்தை எழுத்தில் கேள். கேட்டவுடன் பல பேர் குரல் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், நான் அந்தப் பக்கம் இருந்தவன்தானே.

முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கலந்தாய்வின்போதே கொடுத்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தாய், நல்லது. கட்டணத்தில் அது கழிந்திருக்கிறதா என்று ரசீதில் பார். தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு இடத்துக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வைத்தது 50,000, அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. அதற்கு மேல் "வளர்ச்சி நிதி" என்று ரசீதில்லாமல் கேட்டால் கொடுக்காதே. நன்கொடை வாங்குவதைத் தடுக்க இங்கே 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. ரசீதில்லாத பணத்துக்கு வங்கியும் கடன் தராது.

இனி அந்த அடிக்கோட்டுக்கு வருகிறேன்.

முதலில், அவளுக்குத் தெரியாமல் கல்விக் கடன் வாங்கவே முடியாது. கடன்தாரர் அவள்தான். நீ கூட்டுக் கடன்தாரர். ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து அடுத்த வருடப் பணத்தைக் கேட்க வேண்டியதும் அவள் பெயரில்தான். ஆனால் தெரிவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு. சென்னையில் நல்ல வேலையில் இருந்த ஒரு பையன் என்னிடம் வந்தான். பைக்குக் கடன் கேட்டிருக்கிறான், கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று காட்டுகிற சிபில் மதிப்பெண் மோசம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேடிப் பார்த்தால் எங்கள் கிளையில் இவன் பெயரில் கல்விக் கடன், தவணை ஒன்றுகூடக் கட்டவில்லை. "அப்பா காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன் சார், ஃபீஸ் எல்லாம் கட்டியாச்சுன்னுதான் சொன்னார்" என்றான். அப்பாவும் பொய் சொல்லவில்லை, கட்டணம் கட்டியாகித்தானே இருந்தது! மகன் தலை நிமிர்ந்து படிக்கட்டும் என்று மறைத்தார், வேலைக்குப் போனதும் தானே அடைத்துவிடலாம் என்று நினைத்தார், நடுவில் உடம்பு படுத்துவிட்டது. நாங்கள் அனுப்பிய நோட்டீஸ் எல்லாம் ஊர் வீட்டில் அலமாரியில் கிடந்தன. அசலோடு வட்டி ஏறிப்போய் நின்றது. பையன் நல்லவன், மூன்று வருடத்தில் அடைத்துவிட்டான். முன்பே தெரிந்திருந்தால் முதல் சம்பளத்திலிருந்தே கட்டியிருப்பான்.

இன்னொன்று. ஒன்பதாவது படிக்கும்போதே உன் நூல் கணக்கு நோட்டை எழுதியது யார்? எத்தனை கோன் வந்தது, கூலி எவ்வளவு, யார் பாக்கி என்று வரி வரியாக. போன பொங்கலுக்கு வந்தபோது எனக்கே காட்டினாளே. அந்தப் பெண்ணிடம் போய் அவளுடைய சொந்தக் கணக்கை மறைப்பேன் என்கிறாய். அவளுக்குத் தெரியாது என்று நீ நினைக்கிறாய், அவ்வளவுதான். வீட்டில் சங்கிலி இருக்கிறதா இல்லையா என்று பெண்பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? மறைத்தால் கேட்கவும் முடியாமல், மறக்கவும் முடியாமல் விடுதியில் உட்கார்ந்து அவளே ஒரு தொகையைக் கற்பனை செய்துகொள்வாள். அது உண்மையான தொகையைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

அதனால் அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கு. மெஸ் பணம், கைச்செலவு எல்லாவற்றையும் மாதம் ஒன்றாம் தேதி அதில் போட்டுவிடு. மெஸ் பில்லை அவளே கட்டட்டும். "தேவைப்படும்போது அப்பாவிடம் கேள், அனுப்புகிறேன்" என்பது பாசம்தான், ஆனால் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை தோழியிடம் கேட்கும், அதற்கும் கூச்சப்படுகிற பிள்ளை போனில் கடன் ஆப்பைத் திறக்கும். அந்த ஆப்கள் விஷயம் உனக்குத் தெரியுமோ தெரியாதோ. ஐந்து நிமிடத்தில் ஐயாயிரம் தருவார்கள். போனில் இருக்கும் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, ஒரு தவணை தவறினால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கூப்பிட்டு அசிங்கப்படுத்துகிற ஆட்கள் அதில் இருக்கிறார்கள். இதை அவளிடம் நேராகச் சொல், சுற்றி வளைக்காதே.

விடுதியில் சாப்பாட்டுக்கு வருடத்துக்கு மொத்தமாக வாங்குகிறார்களா, டிவைடிங் சிஸ்டமா என்று கேட்கச் சொல். டிவைடிங் என்றால் மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்குக் கழித்துவிடுவார்கள், நிறையப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்காமலே வந்துவிடும். அப்புறம் முதல் வருடம் வரைபடப் பாடத்துக்கு டிராஃப்டர் என்ற வரையும் கருவியை வாங்கச் சொல்வார்கள். புதிதாக வாங்காதே! அதற்கப்புறம் அது கட்டிலடியில்தான் கிடக்கும். சீனியர் பெண்கள் பாதி விலைக்குக் கொடுப்பார்கள், சில பேர் சும்மாவே கொடுப்பார்கள். புத்தகமும் அப்படித்தான். பாடம் புரியவில்லையென்றால் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. லேப்டாப்பை மட்டும் மலிவாகப் பார்க்காதே, நாலு வருடம் தாங்க வேண்டும்.

 

சின்னவனைப் பற்றி ஒன்று. பெரியவளைப் பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றியதில் இரண்டு சலுகைகள் கையை விட்டுப் போயின. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டியிருக்கும். மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டமும் இருந்தது. அது போகட்டும், சொல்லிக்காட்டவில்லை. சின்னவன் எட்டாவதுதானே? அரசுப் பள்ளியில்தானே இருக்கிறான்? அங்கேயே இருக்கட்டும். பையன்களுக்கும் 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று அதே ஆயிரம் உண்டு. அக்கா பட்டதாரி ஆகிவிட்டால் முதல் பட்டதாரிச் சலுகை இவனுக்குக் கிடைக்காது, அதனால் ஏழரை சதவீதம்தான் இவனுக்கு வழி. யாராவது பெரிய பள்ளி, நீட் கோச்சிங் என்று சொல்லிக்கொண்டு வந்தால் என்னிடம் பேசச் சொல்.

ஆவணி பிறந்ததும் அருப்புக்கோட்டை வருகிறேன். அவள் கோயம்புத்தூர் கிளம்புவதற்கு முன்னால் மூன்று பேருமாக வங்கிக்குப் போய்வருவோம். அதற்குள் வருமானச் சான்றிதழுக்கும் பான் கார்டுக்கும் போட்டு வை. விண்ணப்பத்தை அவளையே நிரப்பச் சொல், உன் கையெழுத்து யாருக்கும் புரியாது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இங்கே அவள் அண்ணி மாவடு போட்டிருக்கிறாள், வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ராமு