பழியைக் குளிர்மேல் போடாதீர்கள்: குளிர்கால முகாம் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

முகாமுக்கு இடம் குறித்து, பொருள் ஒதுக்கிக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். முகாமில் வீரர்கள் நோயில் விழுந்தால் அறிக்கையில் 'கடும் குளிர்' என்று எழுதிவிடுகிறீர்கள். யாரும் மறுத்துப் பேசாத காரணம்தான். ஆனால் அமெரிக்க விடுதலைப் போரின் இரண்டு முகாம்களைப் பாருங்கள். 1777 டிசம்பர் 19 அன்று வேலி ஃபோர்ஜில் இறங்கிய வாஷிங்டனின் படையில் சுமார் 12,000 பேர். ஆறு மாதத்தில் ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும். சாவு உச்சத்தைத் தொட்டது பனி உருகிய மாதங்களில். 1779–80இல் மாரிஸ்டவுனில் தங்கிய படைக்கு வாய்த்தது அதைவிடக் கொடிய குளிர். அங்கே இறந்தவர்களோ சுமார் நூறு பேர்.

வேலி ஃபோர்ஜில் 14க்கு 16 அடிக் குடிசையில் 12 பேர் படுத்தார்கள். காற்றுக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று பல குடிசைகளின் தரையைப் பள்ளமாகத் தோண்டியிருந்தார்கள். சூடு தங்கவில்லை, ஈரம்தான் தங்கியது. ஆகவே தரையைத் தோண்டச் சொல்லாதீர்கள். சரிவான இடம் பாருங்கள். சமையல் மேட்டில், கழிவறைக் குழி எதிர்ப்புறத் தாழ்வில். மண் உறைந்தபின் குழி வெட்டக் கடப்பாரையே திணறும். ஆள் கூடாரத்துக்குப் பின்னாலேயே ஒதுங்குவான், அந்த அசுத்தம் உருகும் நாளில் குடிநீருக்கு வந்துவிடும். முதல் கூடாரம் எழும்பும் முன்பே முதல் குழி வெட்டியாக வேண்டும்.

அடுத்து கால். ஈரத்தில் ஊறிய பாதம் செத்துப்போக உறைநிலை தேவையில்லை, 10 டிகிரியிலும் நடக்கும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள் கற்றுக்கொடுத்தது இது. ஆளுக்கு மூன்று ஜோடிக் காலுறை வேண்டும்: ஒன்று காலில், ஒன்று பையில், ஒன்று சட்டைக்குள் உடல் சூட்டில் காய. இருவர் இருவராக ஒருவர் பாதத்தை மற்றவர் தினமும் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலை அதன் சொந்தக்காரன் நம்பக்கூடாது. தடித்த காலுறை அனுப்பிவிட்டுப் பழைய அளவு பூட்ஸையே கொடுப்பது உதவியல்ல. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் நின்று விரல்தான் போகும். பனிக்கடி பட்ட இடத்தை, அதாவது குளிரில் சதை உறைந்த இடத்தை, தேய்க்கவே கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வையுங்கள். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் அதுவும் வேண்டாம், பாதுகாப்பான இடம் சேரும்வரை அப்படியே இருக்கட்டும்.

எரிபொருள் கணக்கில்தான் பெரிய ஓட்டை. சமையலுக்கு மட்டும் கணக்குப் போடுகிறீர்கள். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் குடிநீர் என்றால் 12 பேருக்கு 48 லிட்டர். புதுப்பனி பத்து லிட்டர் உருகினால் சுமார் ஒரு லிட்டர்தான் தேறும், ஆக 480 லிட்டர் பனியை உருக்க வேண்டும். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விடாமல் பனியை அள்ளிப்போட்டால் அடிப்பிடிக்கும். எரிபொருள் தட்டுப்பாடானால் வீரர் குடிப்பதைக் குறைப்பார். உடலில் நீர் குறைந்தவரைப் பனிக்கடி சீக்கிரம் பிடிக்கும்.

அதே அடுப்பு கூடாரத்துக்குள் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது. தலைவலியும் குமட்டலும் வரும், களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு திறப்பு கட்டாயம். இரவில் பனி கொட்டினால் கீழ்த்திறப்பு மூடிக்கொள்ளும். எனவே அடுப்பு எரியும்வரை ஒருவர் விழித்திருந்து மணிக்கொருமுறை வெளியே போய்ப் பனியைத் தள்ள வேண்டும். பாராப் பட்டியலில் இதற்கும் ஆள் போடுங்கள். பகல் முழுக்கப் பாரா நின்றவரையே எழுப்பாதீர்கள்.

துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவரச் சொல்லும் ஆணையையும் திரும்பப் பெறுங்கள். உள்ளே வியர்க்கும், வெளியே போனதும் அந்த நீர் உறைந்து இயக்கம் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கிகளை வெளியே வைக்க வாசலில் ஒரு மறைப்பும் கூடாரத்துக்கொரு காவலாளும் போதும்.

அடுத்த முகாமுக்கு இடம் பார்க்க வரும்போது மண் இறுகும் முன் வாருங்கள். ஒரு மண்வெட்டியும் கொண்டுவாருங்கள்.