பெட்பேன் கழுவும் அறைக்கு வழி செய்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பொது மருத்துவ வார்டில் பெட்பேன் (எழுந்து போக முடியாத நோயாளிகள் படுக்கையிலேயே மலம், சிறுநீர் கழிக்கும் பாத்திரம்) கழுவும் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தாயிற்று. கைகொடுத்த எல்லோருக்கும் வார்டு செவிலியர்கள் சார்பில் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்கு. பழைய மெஷின் பாதியில் நின்றுவிடும், கதவு திறக்காது, ஓடினாலும் தண்ணீர் சூடேறாது. அப்போதெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, ப்ளீச்சிங் கரைசலில் ஊறவைத்துக் கழுவியவர்கள் அவர்கள்தான். தேய்க்கும்போது முகத்திலும் உடையிலும் தெறிக்கும். வயிற்றுப்போக்கு நோயாளியின் பெட்பேன் என்றால் கிருமியும் சேர்ந்தே தெறிக்கும். அதற்கு நடுவிலும் ஒரு நோயாளியைக்கூட அவர்கள் காக்க வைத்ததில்லை.

தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டருக்கு அடுத்த நன்றி. 'பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது' என்ற பேச்சை அவர் ஏற்கவே இல்லை. பெட்பேனின் மேற்பரப்பு 80 டிகிரி சூட்டில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும், அதைக் காட்டாத மெஷின் வேண்டாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். புது மெஷின் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுகிறது. எடுத்தவுடன் சூடு பட்டால் அழுக்கு இறுகி ஒட்டிக்கொள்ளும் அல்லவா? பிறகுதான் வெந்நீர், நீராவி. சுற்று முடியாமல் கதவு திறக்காது.

பயோமெடிக்கல் பிரிவுத் தம்பிக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். எங்களுடையது போர் தண்ணீர், உப்பு அதிகம். பழைய மெஷினைப் பிரித்து, தண்ணீர் பீய்ச்சும் நாஜில் துளைகள் வெள்ளை வெள்ளையாக அடைத்துக் கிடப்பதைக் கூப்பிட்டுக் காட்டினார். இதே தண்ணீரை விட்டால் புதுசுக்கும் இதே கதிதான் என்று சொல்லி, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவியையும் பட்டியலில் சேர்க்க வைத்தார். மறுக்காமல் கையெழுத்திட்ட கண்காணிப்பாளர் ஐயாவுக்கும் நன்றி.

செலவை ஏற்ற குடும்பத்தார் பெயர்ப்பலகைகூட வேண்டாம் என்றுவிட்டார்கள். சக்கர நாற்காலி தரவும் குடிநீர் இயந்திரம் தரவும் பலர் வருவார்கள். யாரும் எட்டிப் பார்க்காத இந்த அறைக்குத் தர வேண்டும் என்று தோன்றியதே, அது பெரிய மனசு.

மாடியில் அறுவை சிகிச்சை வார்டில் இன்னும் பழைய மெஷின்தான் இருக்கிறது. அதையும் மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். உதவ நினைப்பவர்கள் வார்டுக்கு வந்தால், புது மெஷின் ஓடுவதை நேரிலேயே காட்டுகிறோம்.

மிக்க நன்றியுடன்,
பொது மருத்துவ வார்டு செவிலியர்கள்